நெஞ்சு வலி அவருக்கு, பத்தியம் எனக்கு

மந்தைவெளியில் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடைகளோடு இரண்டு பெண்கள் பெசன்ட் நகர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நெஞ்சு வலி வந்தது அவருக்கு, பத்தியம் எனக்கு. இன்னாக்கா நியாயம் இது?” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற?”

“டாக்டரு சொன்னாருன்னு கீரை, கொள்ளு, எண்ணெ கம்மியா மீன் கொயம்பு, எல்லாம் தனியா ஆக்கி வச்சா, நோயாளி சோறுன்னு தொட மாட்டேன்றாரு. புள்ளைங்க தட்டுலந்து வறுவல எடுத்துத் துன்றாரு. ஆக்கினத கொட்ட மனசு வருதா? நாந்தான் துன்றேன். டாக்டரு என் பிரஷரப் பாத்துட்டு சூப்பர்ன்றாரு!”

என் மடியிலிருந்த பஜ்ஜிப் பொட்டலத்தின் எண்ணெய் பேண்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. எதுவும் காதில் விழாதவனைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“தனியா ஏன்டி ஆக்கற? வூட்டுக்கே அதையே ஆக்கு.”

“நேத்து அதாங்கா செஞ்சேன். குதிகுதின்னு குதிச்சாரு. ‘துன்னு. இல்லேன்னா தாலிய இப்பவே கயட்டி உன் கையில குடுத்துடறேன், அப்பால ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கயட்ட வேணாம் பாரு’ன்னேன்.”

“அய்யய்யோ! துன்னாரா?”

“சட்டிய வயிச்சுத் துன்னாரு. எனக்கு ஒரு வாய் வைக்கல அந்த மனுசன்!”