கருப்பு வெள்ளைக்கு ஆறு கலர்

...நீங்களே சொல்லுங்க சார், ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இவ்வளவு திமிர் ஆகுமா? கேமரா பாக்க ஆள் வரும்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் போனாரு, நீங்கதானே? எங்க வீட்டுக்காரர் கேமரா அது, அவர் கையாலதான் குடுக்கணும். கண் டாக்டர்கிட்ட போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. உக்காருங்க. ஐயோ, அந்த ஸ்டூல் வேணாம், அது போட்டோ எடுக்க வர்றவங்களுக்கு. ஒரு கால் ஆடும். ஆடினாத்தான் ஆளுங்க நிமிந்து உக்காருவாங்கன்னு அவரு அதைச் சரி பண்ணவே விடமாட்டாரு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், புரோகிராம். கலர் போட்டோவைக் கருப்பு வெள்ளையா மாத்திக் குடுக்குமாம். பதினஞ்சு நாளைக்கு இலவசமாம், பிடிச்சா வாங்கிக்கலாமாம். சரின்னு திறந்தேன். திறந்தா வரிசையா ஆறு கலரு! சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. ஒவ்வொண்ணையும் ஏத்தலாம், இறக்கலாம். ஏன்யா, கருப்பு வெள்ளைக்கு எதுக்குய்யா ஆறு கலரு? மஞ்சளைக் கொஞ்சம் ஏத்தினேன், எங்க நாத்தனார் மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு. நல்லாருக்கேன்னு இன்னும் கொஞ்சம் ஏத்தினேன், மூக்கைக் காணோம். நீலத்தை இறக்கினா அவங்க வீட்டுக்காரர் சட்டை அடுப்புக்கரி. அந்த மனுஷன் அந்தச் சட்டையை எவ்வளவு ஆசையா போட்டுட்டு வந்தாரு தெரியுமா!

இது போதாதுன்னு தூசி. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அவரு தினம் காலைல மெல்லிசு துணியை வெச்சு லென்ஸைக் குழந்தை மாதிரி தொடைக்கிறாரு. நான் இங்க உக்காந்து போட்டோல இருக்கிற ஒவ்வொரு புள்ளியா எடுக்கிறேன். இது என்னைக் கேக்குது, தூசி எத்தனை சதவீதம் போடட்டும்னு! கீறல் வேணுமா, ஓரமெல்லாம் மங்கணுமான்னு! ரெடிமேடாவும் வெச்சிருக்கான். 'மழை நாள் சோகம்'னு ஒண்ணு. அதைக் கல்யாணப் போட்டோவுக்குப் போட்டுப் பாத்தேன். சாப்பிட உக்காந்திருந்த அத்தனை பேரும் துக்கம் கேக்க வந்த மாதிரி இருக்காங்க. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கிறாரு. பாக்கவே பகீர்னு இருக்கு.

எல்லாம் நாத்தனாராலதான். போன வாரம் அவங்க பொண்ணு கல்யாணம். அறுநூத்தி நாப்பது போட்டோ, எல்லாம் எங்க வீட்டுக்காரர் எடுத்தது. நாத்தனார் வந்து, "பக்கத்துத் தெரு ஸ்டுடியோல ஆல்பத்தோட கடைசிப் பத்துப் பக்கம் கருப்பு வெள்ளையா குடுக்கிறாங்களே, உங்களுக்கெல்லாம் அது வராதோ?"ன்னாங்க. வராதோன்னு கேட்டா சும்மா இருக்க முடியுமா சார்? நீங்க இருப்பீங்களா?

பத்தே பத்து போட்டோதான் மாத்தலாம்னு உக்காந்தேன். சத்தியமா. அது, 'எல்லாத்துக்குமா?'ன்னு கேட்டுச்சு. அந்த நேரம் பாத்து வாசல்ல பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆளு நிக்குது, உள்ள அடுப்புல பால் பொங்குது. ஆமான்னு அமுக்கினேன். 'பழசை அழிச்சு அது மேலயே வெச்சிடட்டுமா?'ன்னுச்சு. ஆமா. 'நிச்சயமா?'ன்னுச்சு. ஆமாடா, எத்தனை தடவைடா கேப்ப! ஒரு மனுஷிகிட்ட மூணு தடவை கேட்டா மூணாவது தடவை கோவத்துலயே ஆமான்னுதான் சொல்லுவா. இது தெரியாம என்னத்த புரோகிராம் எழுதுறானுங்க?

பால இறக்கி வெச்சிட்டு வந்து பாக்கிறேன், கல்யாணமே கருப்பு வெள்ளை. அறுநூத்தி நாப்பதும்! கேமராவுல இருந்த கார்டையும் முந்தின நாளே அழிச்சு காலி பண்ணி வெச்சவ நான்தான்.

அப்பவே சொல்லியிருக்கலாம்னுதானே பாக்கிறீங்க? எப்படி சார் சொல்றது? போன மாசம் அவரு ஒரு பிறந்தநாள் போட்டோ இருபதைத் தெரியாம அழிச்சிட்டாரு. மூணு நாள் கழுவி ஊத்தினேன். மூணாவது நாள் எனக்கே தொண்டை கட்டிப்போச்சு, எங்கம்மாவுக்குப் போன் போட்டு மிச்சத்தைத் திட்டச் சொன்னேன். அப்படிப்பட்டவ இப்ப எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு...

அவரு வந்து கம்ப்யூட்டரைப் பாத்தாரு. "கலர் எங்கடி?"ன்னாரு. எனக்கு வாயில என்ன வந்துச்சோ, "கலரா? அதான் இருக்கே, உங்களுக்குத் தெரியலையா?"ன்னுட்டேன். கண்ணைக் கசக்கினாரு. கிட்ட வந்து பாத்தாரு, தள்ளி நின்னு பாத்தாரு. "நீ கட்டியிருக்கிற புடவை பச்சைதானே?"ன்னாரு. ஆமான்னேன். "அப்ப போட்டோல மட்டும்தான் போயிடுச்சு"ன்னு அப்படியே உக்காந்துட்டாரு.

அன்னைலேர்ந்து ஆறு நாளு சார். மூணு டாக்டர். ரெண்டு பேரு கண்ணுல ஒண்ணுமே இல்லன்னுட்டாங்களாம், இன்னைக்கு மூணாவது. ரோட்டைத் தாண்டுறப்ப சிக்னல்ல என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "பச்சைதானே?"ங்கிறாரு. தக்காளியைக் காட்டி, "சிவப்புதானே?"ங்கிறாரு. நேத்து கேமராவைத் தொடைச்சு பையில வெச்சாரு. "கலர் தெரியாதவன் கல்யாணத்துக்குப் போய் என்ன எடுப்பான், வித்துடலாம். இனிமே நீ சொல்ற கலர்தான் எனக்குக் கலர்"னாரு. அதைக் கேட்டதுலேர்ந்து சோறு இறங்கல சார். இருபது வருஷம் அந்தக் கேமராவும் கையுமா இருந்த மனுஷன்.

நானும் சும்மா இல்ல. ஒரு நோட்டுப் போட்டு, கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி என்ன கலர் உடுத்தியிருந்தீங்கன்னு கேட்டுக் கையாலயே கலர் போடுறேன். ஒருத்தராவது உண்மையைச் சொல்லணுமே! அவரோட சித்தப்பா, "உங்கிட்ட என்னென்ன கலர் இருக்கு?"ன்னு திருப்பிக் கேக்கிறாரு. இதுவரைக்கும் பதினொண்ணுதான் முடிஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆல்பம் குடுக்கணும்.

அதனால... உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன் சார், கேமராவை வாங்காதீங்க. பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. நான் இன்னைக்கு எப்படியாவது அவருகிட்ட... ஐயோ, செருப்புச் சத்தம். வந்துட்டாரு. எழுந்திரிக்காதீங்க, நீங்க இருந்தா கத்தமாட்டாரு.

வாங்க, வாங்க. டாக்டர் என்ன சொன்னாரு? ...கண்ணாடியா? போட்டுட்டே வந்துட்டீங்களா? ...என்னது, கலர் தெரியுதா? இந்தப் போட்டோலயா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ...பொண்ணு புடவை அரக்கு, ஓரம் மாம்பழ மஞ்சளா? ...சித்தப்பா சட்டை பழுப்பு, காலர்ல காப்பிக் கறையா?

ஏங்க... அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க. சும்மா கழட்டுங்க. ...கழட்டினாலும் அரக்குதானா? இல்லைங்க, என்னால முடியல, நானே சொல்லிடுறேன். உங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. நான்தான்...

...தெரியுமா? எப்பலேர்ந்து? ...முதல் நாளேவா! அப்ப மூணு டாக்டரு? ...டீக்கடையா! ஆறு நாளும் டீக்கடையிலயா உக்காந்திருந்தீங்க? நான் இங்க சோறு தண்ணி இல்லாம... என்ன அது பையில? பென்டிரைவா? அறுநூத்தி நாப்பதும் கலர்ல அதுல இருக்கா? ...போன மாசம் நான் திட்டினதுலேர்ந்து எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வெக்கிறீங்களா?

நீங்க ஏன் சார் சிரிக்கிறீங்க? ஆமா... வந்ததுலேர்ந்து அந்தக் கேமராவைக் காட்டுன்னு நீங்க ஒரு தடவை கூடக் கேக்கலையே? யாரு சார் நீங்க? ...அந்த டீக்கடைக்காரரா! இவரு அனுப்பித்தான் வந்தீங்களா?

எங்க எழுந்திரிக்கிறீங்க? ரெண்டு பேரும் உக்காருங்க. சார், நீங்க அந்த ஆடுற ஸ்டூல்லயே உக்காருங்க. நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல.