அவன் அழுதால் நாங்கள் ஜெயிப்போம்

தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூடைப்பந்தில் பந்து இல்லாதவனைத்தான் பார்க்க வேண்டும். எவன் ஓடுகிறான், எவன் ஓடுவதுபோல நடிக்கிறான் என்பது அப்போதுதான் தெரியும்.

உறைந்த ஏரியில் நட்டிருந்த எச்சரிக்கைக் குச்சிகளைப் பற்றிக் கேட்கத்தான் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பருவத்தின் ஆட்டங்களிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

லித்துவேனியாவில் பிறந்துவிட்டு ஒரு கூடைப்பந்து அணிக்குச் சொந்தமில்லாதவன் யாரும் இருக்க முடியாது. எனக்கு எங்கள் ஊர் ஷெர்னாய். சின்ன ஊரின் சின்ன அணி. பெரிய ஊர்க்காரர்கள் எங்கள் அரங்கத்தைக் கோழிக்கூண்டு என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கூண்டுக்குள் வந்து அவர்கள் தோற்றுப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏரிக்கரைச் சாலையில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, அது போதும்.

எய்மன்டஸைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அணியில் எங்கள் ஊரிலேயே பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவனுடைய முதல் தூண்டிலை என் கடையில்தான் வாங்கினான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். ஆட்டத்தைத் தனியாகத் தூக்கிச் சுமக்கக்கூடிய கைகள் அவனுடையவை.

நவம்பரில் அவன் அம்மா இறந்தாள். புற்றுநோய். அதில் என் பங்கு எதுவுமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரமே கௌனாஸ் அணி எங்கள் ஊருக்கு வந்தது. பையன் ஆடமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆடினான். அதுபோல ஓர் ஆட்டத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து மறித்தார்கள், அவர்களுக்கு நடுவே புகுந்து போனான். எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் கூடைக்குள் விழுந்தது. கௌனாஸ்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினார்கள். எங்கள் ஊரில் வளர்ந்த ஆண்களே அழுதார்கள். நானும் அழுதேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவனுக்கு ருகிலே என்ற பல் மருத்துவப் பெண்ணோடு திருமணம் நிச்சயமானது. நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பையன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். கிளைப்பேடா அணியோடு நடந்த ஆட்டத்தில், கீழே விழுந்த எதிரணிக்காரனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். விழுந்தவன் எழுந்த வேகத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டான். நம் பையன் அதற்கும் சிரித்தான். அடுத்த ஆட்டத்தில் நடுவரோடு வேடிக்கை பேசிக்கொண்டிருந்தான். எறிய வேண்டிய பந்தை அடுத்தவனுக்குக் கொடுத்தான். வரிசையாகத் தோற்றோம்.

என் பக்கத்து இருக்கையில் நியோலே உட்காருவாள். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். வறுத்த கறுப்பு ரொட்டியைப் பூண்டு தேய்த்து எடுத்துவருவாள், வாயையும் சும்மா வைத்திருக்கமாட்டாள்.

"இந்தப் பய சிரிச்சுக்கிட்டே தோக்குறான் பாருய்யா," என்றாள். "அவங்கம்மா போனப்ப மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு என்னமா ஆடுனான். பேசாம வாரத்துக்கு ஒரு சாவு விழுந்தா கப்பே நமக்குத்தான்."

முன்வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். எனக்குத் தென்படவில்லை.

அவசரப்பட்டு எதையும் நம்புகிறவன் இல்லை நான். சோதித்துப் பார்க்க நினைத்தேன். எய்மன்டஸ் வீட்டில் மார்கிஸ் என்று ஒரு கிழட்டு நாய் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவனோடு வளர்ந்தது. அவன் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் அவர்கள் வீட்டு வெளிக்கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தேன். அந்தச் சாலையில் மரம் ஏற்றும் லாரிகள் போகும். நான் கதவைத்தான் திறந்தேன், லாரியை நான் ஓட்டவில்லை.

அந்த வாரம் ஷௌலேய் ஊருக்குப் போய், அவர்கள் அரங்கத்திலேயே அவர்களை அடித்துவிட்டு வந்தோம். பையன் மறுபடியும் வாய் திறக்காமல் ஆடினான். திரும்பி வரும் பேருந்தில் எல்லோரும் பாடினார்கள். நியோலே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஊரே சந்தோஷமாக இருந்தது. அதற்கு ஒரு கிழட்டு நாய் பெரிய விலை என்று நீங்கள் சொன்னால், அந்தப் பேருந்தில் நீங்கள் இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் நாய்த் துக்கம் எத்தனை நாளைக்கு. ருகிலே ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். பையன் மறுபடி சிரித்தான், நாங்கள் மறுபடி தோற்றோம். மார்ச் வந்தபோது கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. அதில் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். எங்களைப்போன்ற ஊர் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறுவதில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள், அரங்கத்தைக் கிடங்காக்கிவிடுவார்கள். பிறகு சனிக்கிழமை என்பது வெறும் கிழமைதான். இதை யாரும் கொலை என்று சொல்வதில்லை.

இப்போது குச்சிகள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன்மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்போம். ஏரியில் ஓடை வந்து கலக்கும் இடத்தில் அடியில் நீரோட்டம் இருக்கிறது. வேறெங்கும் பனிக்கட்டி கெட்டியாக இருக்கும்போதும் அங்கே மெலிந்துபோகும். மேலே வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் எங்கள் மீன்பிடிச் சங்கம் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவைக்கும். நட்டவன் நான். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை மதியம் போய் அவற்றைப் பிடுங்கியவனும் நான்தான். கடையின் பின்னறையில் இருக்கின்றன, ஆளனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலையில் எய்மன்டஸின் அப்பா பெனெடிக்டஸ் கடைக்கு வந்தார். வருவார் என்று எனக்குத் தெரியும். மனைவி போனபிறகு அவருக்கு ஏரிதான் வீடு. பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர், ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தவர். சண்டை சச்சரவு தெரியாத மனிதர்.

"புழு குடு ஓஸ்வா, நல்லா நெளியறதா பாத்துக் குடு," என்றார். "பையனுக்கு நாளைக்கு மீன் சூப் வச்சுக் குடுக்கணும். சனிக்கெழம ஆட்டமில்ல."

"சூப்பு குடிச்சா ஜெயிச்சிருவானா?"

"ஜெயிச்சா சந்தோஷம். தோத்தாலும் பரவால்லப்பா."

நான் புழு எண்ணுவதை நிறுத்தினேன். "தோத்தாப் பரவால்லையா?"

"அவன் சிரிக்காம எவ்வளவு நாள் இருந்தான் தெரியுமா? அவங்கம்மா கெடந்த கெடப்பப் பாத்துட்டு, இனிமே இந்தப் பய சிரிக்கவே மாட்டான்னு நெனச்சேன். இப்ப வீட்டுக்குள்ள பாட்டுப் பாடிக்கிட்டுத் திரியறான். அதுக்கு முன்னாடி உங்க லீக் என்ன பெரிய லீக்கு."

உங்க லீக் என்றார். பெற்ற பிள்ளை ஆடுகிற அணி. அதுவரை எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இல்லை.

"எங்க உக்காரப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதான் யோசிக்கறேன். நடு ஏரில ஒண்ணும் கடிக்க மாட்டேங்குது."

"ஓடப் பக்கம் போங்க. நேத்து மதியம் நானே அங்க போயிருந்தேன். குச்சியெல்லாம் எடுத்தாச்சு."

"கெட்டியாத்தான் இருக்கா?"

"நான் நின்னேன்ல. என் தொந்தியவிடவா நீங்க கனம்?"

சிரித்தார். போகும்போது கதவருகே நின்றார். கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஆணிக்கட்டைகளைக் கேட்டார். தண்ணீரில் விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஏறி வருவதற்கானவை. அவருடையது எங்கோ தொலைந்துவிட்டதாம்.

"தீந்துபோச்சுண்ணே. அடுத்த வாரம் வரும்," என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் நாலைந்து ஜோடி தொங்கிக்கொண்டிருந்தன. அவருக்குக் கண் மங்கல்.

கடை ஜன்னலிலிருந்து ஓடை கலக்கும் இடம் தெரியும். அவர் சின்ன நாற்காலியை விரித்தார், பிறகு அது சரியில்லை என்று இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார். நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கை தெரிந்தது. தொப்பி இல்லாமல் தலை தெரிந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன், ஜன்னல் சாத்தியிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. காப்பியைக் குடித்து முடித்தேன். பிறகு மீட்புப் படைக்குத் தொலைபேசியில் சொன்னதும் நான்தான். உங்களிடம் பதிவு இருக்கும். பதறிப்போய்ப் பேசியிருப்பேன். அது நடிப்பில்லை, எனக்கு அவரைப் பிடிக்கும்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. எல்லோரும் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். எய்மன்டஸ் வந்தான்.

"இவன எதுக்குய்யா கூட்டியாந்தாங்க?" என்றாள் நியோலே. அவள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "நிக்கக்கூட முடியல பையனால. வீட்டுக்கு அனுப்பச் சொல்லு."

"ஆடுவான்," என்றேன். "பொறுத்துப் பாரு."

அவன் ஆடவில்லை. ஓடினான், கை நீட்டினான், பந்து வந்ததும் அது என்னவென்று தெரியாதவன்போலப் பார்த்தான். மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஆடியதால்தான் கடைசிவரை சமமாக வந்தோம். கடைசி நிமிடத்தில் அவனைத் தள்ளிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியலாம். அவன் கோட்டில் வந்து நின்றான். நடுவர் பந்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு குனிந்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல, பந்தைத் தரையில் வைத்துவிட்டு நடந்து வெளியே போனான்.

விசில் ஊதினார்கள். இரண்டு வாய்ப்பும் வீணாகி, பந்து எதிரணிக்குப் போனது. அவர்கள் கூடை போட்டார்கள். நாங்கள் இறங்கிவிட்டோம்.

நியோலே எழுந்து நின்று கைதட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள், பிறகு அரங்கம் முழுவதும். தோற்றதற்குக் கைதட்டுகிற கூட்டத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

என் கணக்கு தவறு என்று நீங்கள் நினைக்கலாம். தவறில்லை. சிகாகோவிலிருந்து அத்தை வர வேண்டும் என்று அடக்கத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். அழுது முடிக்காதவனைக் கொண்டுவந்து களத்தில் விட்டால் அவன் என்ன செய்வான். வெள்ளிக்கிழமையே அடக்கம் செய்திருந்தால் இன்றைக்கு நாங்கள் முதல் பிரிவில் இருந்திருப்போம். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்.

கல்லறையில் அவன் என்னைத் தேடி வந்தான். கட்டிப்பிடித்தான்.

"மாமா, நீங்கதான் ஃபோன் பண்ணீங்களாம். கடைசியா அப்பாகிட்ட பேசினதும் நீங்கதான்னாங்க. என்ன சொன்னார்?"

"ஒனக்கு மீன் சூப் வைக்கணும்னார்."

என் கோட்டு நனைகிற அளவுக்கு அழுதான். நானும் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பிறகு, "அடுத்த வருஷம் ஏறிறலாம்டா," என்றேன்.

"இனிமே நான் ஆடப்போறதில்ல மாமா. பந்தத் தொட்டா அந்த ஏரித் தண்ணிதான் கண்ணு முன்னாடி வருது. ருகிலேயோட வேற ஊருக்குப் போறேன்."

இருபத்துநாலு வயதில். அந்தக் கைகளை வைத்துக்கொண்டு. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையில் கொடுத்த பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போனதற்கு ஒரு மன்னிப்புக்கூட அவன் கேட்கவில்லை. எல்லோரும் பாவம் என்கிறார்கள். பயிற்சியாளரைத் திட்டுகிறார்கள், நிர்வாகத்தைத் திட்டுகிறார்கள், அவனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

ஆமாம், பெனெடிக்டஸை அங்கே அனுப்பியது நான். சாவார் என்று தெரிந்தே அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இன்று இங்கே வருகிற வழியில் அரங்க அலுவலகத்தில் இறங்கி, அடுத்த பருவத்துக்கான என் இருக்கையைப் பதிந்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டாம் பிரிவுதான். எதிரே யார் வந்து ஆடப்போகிறார்கள் என்றுகூடத் தெரியாது. வரிசையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அணியைக் கைவிட்டுப் போனது யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.