மூடி நாலு விரல்தான் திறந்தது

எட்டாம் வகுப்புல ஒரு பொண்ணு என்னைக் கேட்டா: "சார், பயப்படுறது தப்பா?" தப்பில்லம்மா, உட்காருன்னுட்டேன். அது பாதி பதில்தாங்க. மீதிப் பதில் ஒரு குட்டிக் கதையில இருக்கு, சொல்றேன்...

எல்லையோரத்துல ஒரு ராணுவ முகாம். வேவு பார்க்கப் போற சின்ன வண்டிகள் அங்கே இருந்துச்சு. டாங்கி மாதிரியே இரும்புப் பட்டையில ஓடும். ஆனா எடை குறைவு, தகடு மெல்லிசு. முன்னாடி ஓட்டுநர், அவர் பக்கத்துலயே எஞ்சின். பின்னாடி, சுத்துற பீரங்கிக் கூண்டுக்குள்ள ரெண்டு பேர்.

ஒரு நாள் ஒரு வண்டியைக் குண்டு துளைச்சுடுச்சு. போன மூணு பேரும்... திரும்பி வரலை.

அதுக்கப்புறம் அந்த முகாம்ல யாருக்குச் சோறு இறங்கும்? பயம்! பயத்துல இன்னொரு வண்டிக்குத் தகடு மேல தகடு போட்டாங்க. பக்கவாட்டுல போட்டாங்க, கூண்டு முகத்துல போட்டாங்க. எடை கூடிப்போச்சு, பழைய எஞ்சின் இழுக்கலை. பெரிய டீசல் எஞ்சினா மாத்தினாங்க. இதையெல்லாம் செஞ்சவர் ஒர்க்‌ஷாப் ஹவில்தார் காளியப்பன், தர்மபுரிக்காரர். அந்த வண்டியோட ஓட்டுநர் ஞானதாஸ், மார்த்தாண்டம்.

"அண்ணே, இது வண்டியா, பேங்க் லாக்கரா?"

"லாக்கர்ல நகையை வைப்பாங்கடா. உன்னைப் போய் வைக்கிறோமேன்னு யோசிக்கிறேன்."

தகட்டைச் சுட்டுப் பார்த்தாங்க, தாங்குச்சு. மேட்டுல ஏத்திப் பார்த்தாங்க, ஏறுச்சு. ஓட்டுநர் தலைக்கு மேல இருக்கிற மூடியைத் திறந்து பார்த்தாங்க, திறந்துச்சு. வேறென்ன வேணும்?

மறுநாள் காலையில பயிற்சி. கூண்டை இடது பக்கம் திருப்பியிருந்தாங்க. புது எஞ்சின்ல ஒரு எண்ணெய்க் குழாய் கசிஞ்சு, சூடான புகைக்குழாய் மேல சொட்டுச்சு. குபுகுபுன்னு புகை... "இறங்கு! இறங்கு!" கூண்டுல இருந்த ரெண்டு பேரும் மேல் வழியா குதிச்சுட்டாங்க. ஞானதாஸ் மூடியைத் தள்ளினார். நாலு விரல் அகலம் திறந்துச்சு... நின்னுடுச்சு.

ஏன்? கூண்டு இடது பக்கம் திரும்பினா, புதுத் தகட்டோட மூலை அந்த மூடிக்கு மேல வந்து உட்காருது. முன்னாடியே திறந்து பார்த்தாங்களேன்னு கேட்பீங்க. பார்த்தாங்க... பீரங்கி நேரா நிக்கும்போது! சரி, பின்பக்கமா கூண்டுக்குள்ள தவழ்ந்து போகலாமே? அதுக்கு ஒரு இடுக்கு இருந்துச்சுங்க. அந்த இடத்தையும் பெரிய எஞ்சின் அடைச்சுக்கிச்சு.

காளியப்பன் ஓடி வர்றார். மூடிக்கு அடியில வெறும் விரல் தெரியுது.

"அண்ணே! திறக்க மாட்டேங்குதுண்ணே!"

"கையை உள்ளே இழுடா! கூண்டைத் திருப்பறேன், கையை இழு!"

புகைக்குள்ள இறங்கிட்டார். கைப்பிடியைச் சுத்தித்தான் கூண்டைத் திருப்பணும். ஒரு சுத்துக்குக் கொஞ்சம்தான் நகரும். சுத்துறார்... சுத்துறார்... "அண்ணே, அண்ணே"ன்னு கேட்டுக்கிட்டே இருந்த குரல்... நின்னுபோச்சு.

அப்பவும் சுத்தினார்.

மூடி விடுபட்டுச்சு. வெளியே நின்ன ரெண்டு பேரும் ஞானதாஸைக் காலரைப் பிடிச்சுத் தூக்கித் தரையில போட்டாங்க. அசைவே இல்லை... அப்புறம் ஒரு இருமல்! கூண்டுல இருந்து குதிச்சு வந்த காளியப்பன், அந்த இருமலைக் கேட்டதும் அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டார்.

"எத்தனை குண்டு தாங்கும்னு பார்த்தேன்டா. நீ எப்படி வெளியே வருவேன்னு, உன் சீட்ல ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலையே!"

தகட்டு மூலையை அன்னிக்கே வெட்டினார். அதுக்கப்புறம் எந்த வண்டியா இருந்தாலும், கூண்டை நாலா பக்கமும் திருப்பச் சொல்லி, கண்ணைக் கட்டிக்கிட்டு, தானே உள்ளேயிருந்து வெளியே வந்து பார்ப்பார். அப்புறம்தான் கையெழுத்து.

அம்மா, ஐயா... பயம் எப்பவும் வாசலுக்கு வெளியேதான் பார்க்கும். நாம மட்டும் என்ன செய்றோம்? திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி, வாசலுக்கு கிரில் கேட்டு, அதுக்கு உள்பூட்டு. சரி... அடுப்படியில தீப்பிடிச்சா? சாவி எங்கேன்னு வீட்டுல எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிஞ்சாலும், புகையில அந்தச் சாவி கைக்கு வருமா?

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கேட்டை உள்பக்கம் பூட்டுங்க. கண்ணை மூடிக்கிட்டு, சாவியைத் தேடி எடுத்து, திறந்து, தெருவுக்கு வந்து நின்னு பாருங்க.