பிளம்பர் வீட்டுக் குழாய்

— ஏங்க, வாளி நிறைஞ்சுதா?

— இன்னும் கொஞ்சம் குறையுது.

— எட்டரைக்கு வச்சது. இப்ப மணி என்ன?

— ஒன்பதாகப் போகுது.

— நல்லாருக்கு. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டற பிளம்பர் வீட்டுல ஒரு வாளி தண்ணிக்கு அரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கறா.

— அவ வீட்டுல மட்டும் பன்னீரா கொட்டுது? இந்த ஏரியா பூரா ஒரே உப்புத் தண்ணிதான். குழாய்க்குள்ள உப்பு கல்லா இறுகிக் கெடக்கு. நான் என்ன பண்ணட்டும்?

— கழட்டி சுத்தம் பண்ணுங்க. அதுதானே உங்க தொழில்?

— இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பிளம்பருக்கும் லீவு உண்டு.

— போன ஞாயிறு வாஷர் இல்லன்னீங்க. அதுக்கு முந்தின ஞாயிறு தலைவலின்னீங்க. பருப்பு வேக மாட்டேங்குது, வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாயிடுச்சு, பொண்ணு சீப்புல கொத்துக் கொத்தா முடி. அதெல்லாம் நம்ம தலையெழுத்துன்னு விட்டுட்டேன். இந்தக் குழாய் ஒண்ணாவது உங்க கையில இருக்குல்ல?

— ...சரி. டார்ச்சக் கொண்டா.

— இந்தாங்க. ஸ்பேனரும் எடுத்துட்டு வந்துட்டேன்.

— ரெடியாத்தான் நின்னிருக்க... போய் வால்வ மூடு.

— மூடிட்டுத்தான் வந்தேன்.

— டார்ச்ச நேராப் புடி. குழாய்க்கு அடிக்கச் சொன்னா என் மூஞ்சியில அடிக்கற.

— பதினெட்டு வருஷமா இதே பாட்டு.

— பதினெட்டு வருஷமா நீயும் ஆட்டிக்கிட்டேதான் இருக்க.

— ஒரு ஆள் வச்சுக்கறதுதானே? பெரிய வேலைன்னா பொண்டாட்டிய இழுத்துக்கிட்டுப் போனா இப்படித்தான்... ம், ஆரம்பிங்க.

— இரு. பாக்கணும்ல.

— என்னத்தப் பாக்கறீங்க இவ்ளோ நேரமா?

— அவசரப்பட்டுத் திருகினா செவத்துக்குள்ள பைப்பு உடைஞ்சிரும். அப்புறம் செவத்தையே இடிக்கணும்.

— ம்... வாத்தியாரம்மா வீட்டுல ஷவர் அடைச்சிருக்குன்னு கூப்பிட்டாங்களே, என்னாச்சு?

— எந்த... ஆங், அதுவா? முடிஞ்சுது. நேத்தே முடிச்சுட்டேன்.

— நேத்தா?

— நேத்துதான். ஏன்?

— சும்மா கேட்டேன். நேத்து பைய வீட்டுலயே விட்டுட்டுப் போனீங்களே.

— சின்ன வேலை. பையெல்லாம் எதுக்கு?

— ஸ்பேனர் இல்லாம ஷவரக் கழட்டினீங்களா?

— நீ என்ன, விசாரணை நடத்தறியா? டார்ச்சப் புடி ஒழுங்கா... ஐயோ!

— என்னங்க! ஸ்பேனர் கால்ல விழுந்துச்சா?

— இல்ல, இல்ல. கை வழுக்கிடுச்சு. சோப்பு இருந்திருக்கும்.

— சோப்பா? இந்தத் தண்ணியில முழுக் கட்டியையும் தேய்ச்சாலே நுரை வராது. வழுக்கறதுக்கு எங்க இருந்து வரும்?

— விடு, துணியால துடைச்சுட்டுப் பாக்கறேன்.

— வலது கையக் காட்டுங்க.

— ஒண்ணுமில்லங்கறேன்ல.

— கட்டை விரல மடக்குங்க பாப்போம்.

— ...மடங்கல.

— எவ்ளோ நாளா?

— ரெண்டு மாசமாச்சு. மொதல்ல மரத்துப் போச்சு. அப்புறம் புடி நிக்கல. உப்பு புடிச்ச குழாயா கழட்டிக் கழட்டி... ஒவ்வொண்ணும் சிமெண்ட் வச்சுப் பூசின மாதிரி இறுகிக் கெடக்குதுல்ல. ஆறு மாசத்துக்கு ஸ்பேனரத் தொடக்கூடாதுன்னுட்டார் டாக்டர்.

— டாக்டர்கிட்ட தனியாவா போனீங்க?

— ஆமா.

— அப்ப தினம் காலையில கெளம்பிப் போறீங்களே... எங்க?

— பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன். மூணு வீட்டுல பார்ட்டு வரணும், வந்ததும் வரேன்னு சொல்லி வச்சிருக்கேன். வாத்தியாரம்மா வீட்டுலயும் அதான் சொன்னேன். ஷவர் அசையவே இல்ல. அந்தம்மா எதிர்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க... கூசிப் போச்சு.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— என்னன்னு சொல்ல? கை போன பிளம்பர்னா? வேற என்ன வேலை தெரியும் எனக்கு? பொண்ணு படிப்பு முடிய இன்னும் மூணு வருஷம் இருக்கு.

— அழாதீங்க.

— யாரு அழுதா? தண்ணி தெறிச்சுது.

— வால்வு மூடியிருக்கு.

— ...நீ கொஞ்சம் சும்மா இரு.

— சரி. இடது கையால ஒரு தடவ திருகிப் பாருங்க.

— வலது கைக்கே வராதது இடது கைக்கா வரப் போகுது?

— எனக்காக.

— ...ம்ம்... ஏ! என்னடி இது? லேசா சுத்துது!

— அப்படியா?

— விரலாலயே கழட்டிடலாம் போல இருக்கு. டார்ச்ச இங்க அடி... உள்ள பாரு, ஒரு பொட்டு உப்பு இல்ல. மரையில தண்ணி கசியாம சுத்தற டேப்பு வேற புதுசா இருக்கு. எந்த மடையன் சுத்தினான் இத? எதிர்ப்பக்கமா சுத்தி வச்சிருக்கான்!

— மடையன் இல்ல. நான்.

— நீயா?

— ரெண்டு வாரமாச்சு. சட்டைக்குப் பட்டன் போட முடியாம பொண்ணக் கூப்பிட்டீங்க பாருங்க, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு. நீங்க வெளிய போனதும் கழட்டினேன். வினிகர்ல ஊறப் போட்டு, பழைய பிரஷ்ஷால தேய்ச்சு மாட்டிட்டேன். காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தளத்தியும் வச்சேன். எல்லாம் டார்ச் புடிச்சுக் கத்துக்கிட்டதுதான்.

— வெளிய அப்படியே வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கே?

— அதத் தொடல. தொட்டா கண்டுபுடிச்சுருவீங்க.

— அப்புறம் ஏன் தண்ணி நூல் மாதிரி வந்துச்சு?

— மேல வால்வ முக்கால்வாசி மூடி வச்சிருந்தேன். தண்ணி வரலன்னா மொதல்ல வால்வப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க. நம்ம வீட்டு வால்வ ஒரு தடவ ஏறிப் பாக்கல நீங்க.

— ...திருக வேண்டி வருமேன்னு பயந்துக்கிட்டுத்தான் பாக்கல. சரி, எதுக்குடி இப்படிப் பண்ணின?

— தண்ணி நல்லா வந்தா யாரு சரி பண்ணான்னு கேப்பீங்க. நான்னு சொன்னா உங்க மனசு விட்டுப் போயிரும். நீங்களா வாயத் திறக்கற வரைக்கும் அப்படியே வரட்டும்னு விட்டுட்டேன்.

— அதுக்குன்னு ரெண்டு வாரமா ஒவ்வொரு வாளிக்கும் அரை மணி நேரம் நின்னியா?

— நின்னேன். கால் கடுத்துச்சு. உங்க மேல கோவம் கோவமா வந்துச்சு.

— ...வாத்தியாரம்மா வீட்டுக்கு என்ன சொல்றது? வரேன்னுட்டு வந்திருக்கேன். அந்த ஷவர் அப்படியே கெடக்கு.

— கெடக்கல. நேத்து அந்தம்மா கேட்டு வந்தாங்க, உங்க பையத் தூக்கிக்கிட்டுப் போய் நான்தான் கழட்டி, சுத்தம் பண்ணி மாட்டிக் குடுத்துட்டு வந்தேன். பார்ட்டு வந்துருச்சு, மாட்டற சின்ன வேலைக்கு அவரு எதுக்குன்னு என்னை அனுப்பிட்டாருன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. எதிர் வீட்டுக்கும் சொல்லி வச்சிருக்காங்க, நாளைக்குப் பத்து மணிக்கு. டேப்பு எந்தப் பக்கம் சுத்தணும்னு இப்பவே காட்டிக் குடுங்க... அப்புறம், நாளைக்கு டார்ச் நீங்கதான் புடிக்கணும். மூஞ்சியில அடிக்காம.