வேலி இருந்த இடம்

அந்தக் கதிரையில இரிக்காதீங்க தம்பி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். மத்ததில இரிங்க. ஓம், அங்கதான் காத்து வரும். நான் கதவுக்குப் பின்னால நிண்டு கதைக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. ஊட்டுக்காரர் சாகாமம் ஊருக்கு வயல் பார்க்கப் போயிட்டார், வர ரெண்டு நாளாகும். நீங்க கேக்கிறதக் கேளுங்க, எழுதுறத எழுதுங்க. என்ட குரல் நல்லாக் கேக்கும். தெருமுனைக்கே கேக்குது எண்டு அவர் சொல்லுவார்.

பேர் ஸுலைஹா. வயசு முப்பத்தெட்டு. படிப்பையும் எழுதுறதோ? மூணாம் வகுப்பு. அதுக்குப் பொறகு உம்மா நிப்பாட்டிப் போட்டா.

உங்கட பேர் அழகரெத்தினம் எண்டு விதானையார் சொன்னார். அரசாங்கக் கச்சேரியில இருந்து ஆள் வரப்போகுது எண்டு தெரு முழுக்க ஒரு கிழமையாக் கதை. இந்தாங்க, தேத்தண்ணி. கதவிடுக்கால நீட்டுறன், கொஞ்சம் எட்டி வாங்கிக்கொள்ளுங்க. சுடும். எனக்கோ? எனக்குச் சீனி வாயில பட்டாப் பல்லுக் குத்தும். சீனி போடாமத்தான் குடிக்கிற, பொறகு குடிச்சுக்கொள்ளுவன்.

நூஹு காக்காட பிரஜாவுரிமை மனுவப் பத்தித்தானே கேக்க வந்த. கேளுங்க. அவருக்கும் அவர்ட பொஞ்சாதி கைருன்னிஸாவுக்கும் பக்கத்து வளவுக்காரி நான்தான். இந்தத் தெருவில என்னைவிடத் தெரிஞ்ச ஆள் கிடைக்காது.

எப்ப வந்தாங்களோ? முப்பத்தெட்டாம் ஆண்டு, ஐப்பசி மழை புடிச்ச கிழமை. எப்பிடித் தெரியுமெண்டா, எனக்குக் கலியாணம் முடிஞ்சது அந்த வருசம் ஆவணியில. பள்ளிவாசல்ல எழுதி வெச்சிருக்கும், போய்ப் பாருங்க. நான் புதுப் பொண்ணு, வேலிக் கிடுகை விலக்கிப் பார்த்துக்கிட்டு நிக்கிறன், ஒரு மாட்டு வண்டில் வருது. வண்டில்ல ஒரு தகரப் பெட்டி, மூணு பெற்றோமக்ஸ் லாம்பு, ஒரு புள்ளத்தாச்சிப் பொம்புள. லாம்பு நனையாம பன்பாயால மூடியிருக்கு. பொம்புள நனைஞ்சுக்கிட்டு இருக்கா. எனக்கு அப்பவே அந்த மனுசனில ஒரு கோவம். அவ குமர்ப் புள்ள மாதிரிச் சிரிச்சுக்கிட்டு இருந்தா.

சம்மாங்காரன் வந்திருக்கான் எண்டு ஊர் சொல்லிச்சு. அக்கரையில, இந்தியாவில இருந்து கடல் கடந்து வாற நம்மட ஆக்களுக்கு இஞ்ச அதுதான் பேர். நம்மட ஆக்கள்தான், ஒரே கலிமாதான், எண்டாலும் சந்தேகம். அவங்கட கதையும் ஒரு மாதிரி. என்னங்க, வாங்க, அப்புடியா எண்டு இழுத்து இழுத்து. தெருப் பொம்புளைகள் உப்புக் கேக்கிற மாதிரிப் போய் அவவக் கதைக்க வெச்சுக் கேட்டுட்டு வந்து சிரிப்பாங்க. நானும் ரெண்டு தரம் உப்புக் கேட்டுப் போன.

பொறகு இந்தக் குடிப் பிரச்சினை. உங்கட பாண்டிருப்பிலயும் இருக்குதே, உம்மா வழியில வாற குடி, வம்சம் மாதிரி, அதுதான். பள்ளிவாசல்ல கந்தூரி. குடி குடியாத்தான் சோறு பங்கு. நீங்க என்ன குடி எண்டு பள்ளிவாசல் மரைக்கார் நூஹு காக்காட்டக் கேக்கிறார். அவங்கட ஊரில அப்பிடி ஒண்டும் இல்லையாம். குடி இல்லாத மனுசனுக்குச் சோறு போடுறதெப்பிடி எண்டு மரைக்காருக்குப் பெரிய யோசனை. எங்கட ஊட்டுக்காரர்தான் எழும்பிச் சொன்னார், அவருக்குள்ளத எங்கட பங்கில இருந்து குடுங்க எண்டு. ரெண்டு பேரிட சோத்த நாலு பேர் திண்ட. அண்டையில இருந்து பழக்கம்.

ஊருக்கு அவர் வேண்டியவரானது லாம்பாலதான். மரைக்காரிட மகள்ற கலியாணத்தில மாப்புள வாசலுக்கு வந்து நிக்கக்குள்ள லாம்பு ரெண்டும் அணைஞ்சு போச்சு. அழைக்காமலே வந்து வேலிக்கு வெளியால நிண்டு பார்த்துக்கிட்டு இருந்த நூஹு காக்கா உள்ளுக்கு வந்து, ஊசியால ரெண்டு குத்துக் குத்தி, நாலு தரம் காத்தடிச்சார். பகல் மாதிரி வெளிச்சம். அதுக்குப் பொறகு அவர அழைக்காம இஞ்ச ஒரு கலியாணம் நடக்கல்ல. பாண்டிருப்புக் கோயில் திருவிழாவுக்கும் அவர்தானே லாம்பு கட்டுற. நீங்களும் பார்த்திருப்பீங்க.

அவங்கட மகன் ஹமீட் புறந்த அவங்க வந்த வருசம் மார்கழியில, இஞ்சதான். அவவுக்குப் பால் வரல்ல. புள்ள கத்துது. என்னட்டக் கொண்டு வந்தாங்க. நான் கலியாணம் முடிச்சு நாலு மாசம், என்னட்ட என்ன இருக்கு? ஆட்டுப் பால் காய்ச்சிக் குடுத்த. அல்லா காப்பாத்தினான் தம்பி. என்ட பால் குடிச்சிருந்தா அவன் என்ட மகள் ஹப்ஸாவுக்குக் கூடப் புறந்தவனாகியிருப்பான், கலியாணம் செய்ய ஏலாது. ஓம், அவன்தான் இப்ப என்ட மருமகன். அதுக்குத்தான் வாறன்.

மூணு வருசமோ? உலகச் சண்டைக் காலத்தில கைருன்னிஸா மூணு வருசம் இந்தியாவில போய் இருந்தா எண்டு ஆரோ பெட்டிசம் எழுதிப் போட்டிருக்காங்களோ. பேர் போடல்லியோ. எழுத்து வாசிக்க ஏலாத மாதிரியோ? அவ்வளவு கேவலமோ. சரி.

அத நம்பினா என்ன நடக்கும்? அவ்வளவு காலம் வெளியில இருந்தாப் பிரஜாவுரிமை கிடைக்காதோ, அவங்க ரெண்டு பேரும் அக்கரைக்கே திரும்பிப் போகவேண்டி வருமோ. ம். இருவத்தொரு வருசத்துக்குப் பொறகு.

எழுதுங்க தம்பி. அவ ஒரே ஒரு தரந்தான் போன. சண்டை முடிஞ்ச வருசம் அவட உம்மா மௌத்தான செத்த ஊட்டுக்கு. நாப்பது நாள். எனக்கு எப்பிடித் தெரியுமெண்டா, ஹமீட என்னட்டத்தான் விட்டுட்டுப் போன. ஆறு வயசு. உம்மா எப்ப வாற, எப்ப வாற எண்டு என்ட சீவன எடுத்தான். சுவத்தில ஒரு நாளைக்கு ஒரு கரிக்கோடு போடு மகன் எண்டு சொன்ன. நாப்பது கோடு. அந்தச் சுவர் வெள்ளத்தில போயிட்டு, இல்லாட்டிக் காட்டியிருப்பன்.

அப்ப ஆரு எழுதியிருப்பாங்க எண்டோ? அவசரப்படாதீங்க, வருது. தேத்தண்ணியோட தந்த தொதல் இனிப்பக் கடிங்க.

அம்பத்தேழு சித்திரையில கைருன்னிஸா பூப்போட்ட தட்டில வெத்தில, பழம், கற்கண்டு எல்லாம் கொண்டு வந்தா. ஹமீடுக்கு ஹப்ஸாவக் கேட்டு. எனக்குச் சந்தோசம். மனசுக்குள்ள நானும் அதத்தான் நினைச்சிருந்த. கடைசியில ஒரு கதை சொன்னா பாருங்க. பொண்ண எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க, மகளாப் பாத்துக்கிறோம் எண்டு. எனக்குத் தலை சுத்திட்டு. இஞ்ச பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டிக் குடுத்து, மாப்புள அந்த ஊட்டுக்கு வாறதுதானே முறை. புள்ளய மாப்புளட ஊட்டுக்கு அனுப்பினா, தாய் தகப்பன் இல்லையோ எண்டு ஊர் கேக்கும். உங்கட மகன் இஞ்ச வரட்டும் எண்டன். ஒரே மகன், வீட்டோட மாப்பிள்ளையா விட்டா எங்க ஊருல காறித் துப்புவாங்க எண்டா அவ. நான் சொல்ல, அவ சொல்ல, வாய்க்குள்ள வந்ததக் கொட்டிட்டன். கப்பல்ல வந்தவங்களுக்கு எங்கட முறை எங்க தெரியப்போகுது எண்டு.

அவ சத்தம் போடல்ல. இத்தன வருசமா நான் உனக்குக் கப்பல்ல வந்தவதானா ஸுலைஹா எண்டு கேட்டா. கேட்டுட்டுப் போயிட்டா. தட்டு இஞ்சயே கிடந்திச்சு. எறும்பு ஏறிச்சு. எனக்கு அவவில வந்த கோவத்தவிட என்னில வந்த கோவம் கூட, அதையும் சேர்த்து அவவிலதான் காட்டின.

அந்த வருசம் மார்கழியில வெள்ளம். உங்களுக்குத் தெரியும்தானே. எங்கட மண் ஊடு பகல் பத்து மணிக்கு ஒரு பக்கமாச் சரிஞ்சுது. நூஹு காக்காட ஊடு உயரம், அவர் லாம்புச் சாமான் நனையக் கூடாது எண்டு நிலத்த அடிச்சு உயர்த்தியிருந்தார். ஹமீட் இடுப்பளவு தண்ணியில வந்து ஒவ்வொருத்தராக் கூட்டிக்கிட்டுப் போனான். மூணு நாள் அங்கதான். கைருன்னிஸாட சோறு எனக்குத் தொண்டையில இறங்கல்ல எண்டு சொன்னாப் பொய். நல்லா இறங்கிச்சு. மீன் ஆணம் அவ வெக்கிற மாதிரி எனக்கு வெக்க வராது.

தண்ணி வத்தினாப் பொறகு பார்த்தா வேலி இல்ல. கட்டை கூட இல்ல. எங்க இருந்திச்சு எண்டு நானும் அவவும் ரெண்டு நாள் சண்டை. முருங்கை மரத்துக்கு இஞ்சால எண்டு நான், அங்கால எண்டு அவ. எட்டு மாசத்துக்குப் பொறகு கதைச்ச முதல் கதை அதுதான் தம்பி, அதால ரெண்டு பேருக்கும் நிப்பாட்ட மனசில்ல. நூஹு காக்கா லாம்பில சேறு துடைச்சுக்கிட்டு இருந்தவர் தலையத் தூக்கிச் சொன்னார், இது முடியறதுக்குள்ள புள்ளைங்களுக்கு நரைச்சுப் போகும், வேலி இருந்த எடத்துலயே ஊட்டக் கட்டுங்க எண்டு.

அந்த ஊடுதான் இது. நீங்க இரிக்கிற விறாந்தை என்ட வளவு. மண்டபம் வேலி இருந்த இடம். சமைக்கிற குசினி அவங்கட வளவு. நான் மகளுக்கு ஊடு குடுத்தன், ஊர் ஒண்டும் கேக்கல்ல. அவவுக்கு மருமகள் அவட வளவுக்கு வந்திட்டா. ரெண்டு பேரும் வெண்டம்.

இந்தாங்க, இதையும் வாங்குங்க. கொப்பிதான். ஹப்ஸாட பள்ளிக்கூடக் கொப்பி. கடைசித் தாள் கிழிச்சிருக்கு பாருங்க, மூலையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்குது. உங்கட கையில இருக்கிற பெட்டிசத்த அதில வெச்சுப் பாருங்க. பொருந்துதா. மூணாம் வகுப்போட நிண்டா எழுத்து அப்பிடித்தான் வரும், தம்பி. தட்டில எறும்பு ஏறின அண்டைக்கு எழுதின. நாப்பது நாள மூணு வருசமாக்கினது நான்தான்.

என்னப் புடிச்சு மறியல்ல போடுறதெண்டா வியாழக்கிழமைக்குப் பொறகு வாங்க. அண்டைக்குத்தான் பேரப்புள்ளைக்கு நாப்பது, தலைமுடி எடுக்கிற.

கைருன்னிஸாவுக்கோ? இதுவரைக்கும் தெரியாது. நீங்க குடிச்சது அவ ஊத்தின தேத்தண்ணி. குசினி அவட பக்கம் எண்டு சொன்னன்தானே. கோப்பை கழுவுற சத்தம் நிண்டு போச்சு, கேட்டீங்களா. உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு சத்தமாக் கதைச்சன் எண்டு நினைச்சீங்களோ. அவட முகத்தப் பார்த்துச் சொல்ல எனக்கு ரெண்டு வருசமா ஏலல்ல.

கொஞ்சம் பொறுங்க. வாறா.

வெச்சிட்டுப் போயிட்டா. எனக்குத் தேத்தண்ணி. அல்லா, நாலு கரண்டி சீனி போட்டிருக்கா. என்ட பல்லு அவவுக்குத் தெரியாததில்ல.

பரவாயில்ல. ஊத்தியிருக்கா. நான் குடிக்கிறன், நீங்க எழுதுங்க. நாப்பது நாள்.