உட்கார்ந்தால் கூசும் விளக்கு

— காலை உள்ள வைங்க அத்தை. கூட்டத்துல யாராவது மிதிச்சிடப் போறாங்க.

— சக்கர நாற்காலிக்குத் தனி வழி விட்டாங்க பாத்தியா. மாமியாரைத் தள்ளிட்டு வந்ததுக்கு உனக்கு இந்த லாபமாவது...

— ஆமா. வெளிய நிக்கிற வரிசையைப் பாத்தா, தினமும் தள்ளிட்டு வரலாம் போல.

— ஒரு பாப்பா செருப்பைப் பாக்கவா இத்தனை பேரு?

— ரெண்டாயிரம் வருஷத்துச் செருப்பு. இந்தக் கண்காட்சியே அதுக்குத்தான்... இதோ, வந்துட்டோம். தெரியுதா?

— செருப்பு எங்க? கண்ணாடியில விளக்குதான் தெரியுது. கண்ணு கூசுது.

— எனக்கு நல்லாத் தெரியுதே.

— இந்த விளக்கு நீ வச்சதா?

— நான் எங்க வச்சேன். உங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சப்பவே இங்க விளக்கு அமைக்கிற வேலையை விட்டாச்சே.

— அதானே. நீ இருந்தா உட்கார்ந்து பாக்கிறவளையும் நினைச்சிருப்ப. திரும்பி வரச் சொல்லி உங்க மேடம் கூப்பிட்டாங்களே... என்ன பதில் சொன்ன?

— இன்னிக்குள்ள சொல்லணும். உங்களைத் தனியா விட்டுட்டு எப்படி அத்தை... சரி, இருங்க, தண்ணி பிடிச்சிட்டு வரேன். அசையக் கூடாது.

— நான் எங்க அசையப் போறேன்.

...

— இந்தாங்க. மெல்லக் குடிங்க.

— உள்பக்கம் அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு, பாத்தியா? கட்டைவிரல் பக்கம் மட்டும் நல்லாத் தேஞ்சு... ஒரு இடத்துல நிக்காத பிள்ளை போல.

— அத்தை...

— என்ன?

— கண்ணு கூசுதுன்னீங்க.

— நின்னு பாத்தா கூசலையே...

— நின்னு பாத்தீங்களா?

— சரி, மாட்டிக்கிட்டேன். ஒரு மாசமா நடக்கிறேன். நீ கடைக்குப் போனதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் பிடிக்காமலே. சொன்னா நீ வேலைக்குக் கிளம்பிடுவ, மத்தியானம் பேச ஆள் இருக்காதேன்னு...

— ம்.

— நான் பெத்தவன் ரெண்டே நாள்ல சலிச்சுக்கிட்டான். நீ குளிப்பாட்டி விட்ட, தலை வாரி விட்ட, ஒரு நாள் முகம் சுளிக்கலை. உன்னை இன்னும் கட்டிப் போட்டா எனக்கே அடுக்காது. இந்தா, எழுந்துட்டேன். நீ உட்காரு. எங்க கூசுதுன்னு பாரு. பாத்துட்டு உங்க மேடத்துகிட்ட வரேன்னு சொல்லு.

— நான் உட்காரவா? எல்லாரும் பாக்கிறாங்க அத்தை.

— பாக்கத்தானே வந்திருக்காங்க. உட்காரு.

— ம்... ஆமா, கண்ணைக் குத்துது. திங்கக்கிழமை வந்ததும் முதல்ல இதைத்தான் மாத்தணும்.

— திங்கக்கிழமையா? இன்னும் பதிலே சொல்லலைன்ன?

— நேத்தே சொல்லிட்டேன். நான் கடைக்குப் போயிருந்தப்ப மேல் தட்டுச் சர்க்கரை டப்பா தானா கீழ இறங்கி வருமா அத்தை? நீங்களா சொல்ற வரைக்கும் நாற்காலியைத் தள்ளலாம்னு இருந்தேன்... எனக்கும் அந்த மத்தியானப் பேச்சை விட மனசு வரலை.