"மற்றவை" பட்டியலில் ஒரு மருமகள்

கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணுக்கு நேரே மேசைமேல் வைத்திருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! எனக்கு முன் மூவர் பேசியும் முகம் சுளிக்காத மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கைப்பேசியை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பதாகப் பாவனை செய்யும் இளைய தலைமுறையே! மூன்றாம் வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் என் மகனே, அவன் பக்கத்தில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் என் மருமகளே! உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

நமது குடியிருப்போர் சங்கம் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "இணையம் இணைத்த இல்லம்". இனிமையான தலைப்பு. எதுகை மோனைக்குக் குறைவில்லை. உண்மைக்குத்தான் கொஞ்சம் குறைவு. என் இல்லத்தை இணையம் இணைக்கவில்லை, ஐயா! முன்னறை என்றும் பின்னறை என்றும் இரண்டாகப் பிளந்தது!

முன்னறையில் ஒரு கணினி. அது என் மகனுடையது. விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டித் திருத்துவது அவன் தொழில். பின்னறையில் ஒரு கணினி. அது என் மருமகளுடையது. செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு கணினிக்கும் ஒரே இணைப்பு. அதன் வேகத்தை எப்படி வருணிப்பேன்? ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அடுப்பில் பால் வைத்தால் பால் பொங்கிவிடும். அதை ஆற்றிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால், படத்தில் இருப்பவரின் நெற்றி மட்டும் வந்திருக்கும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக்கும் அதே கம்பிதான் வருகிறது. இந்தத் தெருவுக்கு வேறு கம்பி கிடையாது.

என் மருமகள் ஆறு ஆண்டுகள் ஓர் ஆய்வு செய்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்கு முதுகில் புண் வராமலிருக்க எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பற்றி. மேடையில் முழங்குவதற்கு ஏற்ற பொருள் அல்லதான். ஆனால் நாளைக்கு நீங்களும் நானும் கிடக்கும்போது நம் முதுகுக்கு அது தெரியும். அந்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் தர ஒரே ஒரு வாய்மொழித் தேர்வு பாக்கி. தேர்வாளர்கள் மூவரும் மூன்று ஊர்களில். ஆகவே தேர்வு கணினி வழியே. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. நடுவில் மூன்று முறை இணைப்பு அறுந்தால் தேர்வு ரத்து. அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டு. ஆறு ஆண்டு உழைப்பு, எங்கள் வீட்டுச் சுவரில் ஓடும் ஒரு கம்பியில் தொங்கியது.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு அவள் கணவனிடம் கேட்டாள்.

"என்னங்க, எனக்குப் பேச்சு விட்டு விட்டு வருது. கொஞ்சம் பாருங்களேன்."

"உன் மெஷின் பழசு."

"போன வருஷம்தானே வாங்கினோம்?"

"அப்ப நீ ஏதாவது தப்பா அமுக்கியிருப்பே."

கவனியுங்கள்! கணினி புதிதென்றால் குற்றம் விரலுக்கு! விரல் சரியென்றால் குற்றம் எதற்கு வந்திருக்கும்? வானிலைக்கு! வந்தது, ஐயா! "வெளியே மேகமா இருக்கு பாரு" என்றான் இந்த மேதை. கம்பியில் வரும் இணைப்புக்கு மேகம் எங்கிருந்து வந்தது? என் வயிற்றில் பிறந்த அறிவு அது. அவையோர் மன்னிக்க வேண்டும்.

வழக்கு என்னிடம் வந்தது. நான் கான்வென்டில் வளர்ந்தவள். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கியவள். என் மேசைமேல் இன்றும் ஒரு கைமணி உண்டு. தீர்ப்பு சொன்னேன். ஒரு மணி நேரம் மகனுக்கு, ஒரு மணி நேரம் மருமகளுக்கு. மணியடித்ததும் இருந்தவர் எழ வேண்டும், இல்லாதவர் அமர வேண்டும். இதைவிட நியாயம் எந்த மன்றத்தில் கிடைக்கும்? இப்படித்தான் நினைத்தேன். நினைத்து நெஞ்சு நிமிர்த்தினேன்.

மூன்று வாரம் மணியடித்தேன். தவறாமல் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் ஏதும் திறந்திருக்கிறோமா என்று வந்து கேட்கும் அளவுக்கு அடித்தேன். அதோ, பின்வரிசையில் தலையாட்டுகிறார், அவர்தான்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு ஓர் ஒத்திகை வைத்தார்கள். மருமகளின் மணி நேரத்தில்தான். மகன் எழுந்து வந்து என்னோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடத்தில் ஐந்து முறை அறுந்தது! வாயைத் திறந்தபடி அவள் முகம் திரையில் உறைந்து நின்றதாம். மூன்று பேராசிரியர்கள் அவளுடைய பல்வரிசையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்களாம்.

வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அத்தை, வியாழக்கிழமையும் இப்படித்தான் ஆகும்" என்றாள்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்வேன். "எனக்கு நல்லாத்தானேம்மா வருது" என்றேன். என் கைக்கணினியைத் தூக்கிக் காட்டினேன். ஒருவர் ரோஜாச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதை அது கண்ணாடிபோல் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த ரோஜாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை இணைய நிறுவனத்து லைன்காரரை வரவழைத்தேன். காதில் பென்சில், கையில் திருப்புளி, ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர். சுவரோரம் மினுக் மினுக்கென்று இருக்கும் அந்தச் சிறு பெட்டியின் கணக்கைத் திறக்க வேண்டும் என்றார். கடவுச்சொல் கேட்டார். ஆறு ஆண்டாக அந்தச் சொல் இந்த வீட்டில் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்.

"நானே பார்த்துச் சொல்றேனே" என்றான் என் மகன்.

"அப்புறம் என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்றார் அவர்.

திறந்தது. திரையில் இரண்டு பட்டியல்கள். லைன்காரர் வாய்விட்டுப் படித்தார். "இதுல 'முக்கியம்'னு ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல சாரோட கம்ப்யூட்டர். கீழே 'மற்றவை'ன்னு ஒரு லிஸ்ட். அதுல டி.வி., வாசல் காலிங்பெல், அப்புறம் மேடத்தோட கம்ப்யூட்டர். முக்கியம் சாப்பிட்டு மிச்சம் இருந்தாத்தான் மற்றவைக்குப் போகும். யாரு எழுதினது?"

யாரும் எழுதவில்லை! தானாக எழுதிக்கொண்டதாம்! அப்படித்தான் முதலில் முகத்தை வைத்துக்கொண்டான், அதோ அமர்ந்திருக்கும் அந்த உத்தமன்.

என் தாய்மார்களே! காலிங்பெல்லுக்குச் சமம்! ஆறாண்டு ஆய்வு செய்தவள் காலிங்பெல்லுக்குச் சமம்! இல்லை, அதற்கும் கீழே! காலிங்பெல் இரண்டாவது, இவள் மூன்றாவது!

"ஆனா அவ டைம்ல நான் எழுந்துதானே போனேன்? நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்றான்.

"நீங்க எழுந்தீங்க சார். உங்க மெஷின் எழுந்திருக்கலையே" என்றார் லைன்காரர். "நீங்க வெட்டி ஒட்டின படத்தையெல்லாம் அது பாட்டுக்கு ஆபீசுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. போற வழி பூரா அதுவே அடைச்சுக்கிட்டா, மேடம் பேசுறது எப்படிப் போகும்?"

நான் மணியடித்தேன். மனிதன் எழுந்தான். இயந்திரம் எழவில்லை. இயந்திரத்துக்குக் காது உண்டா? கான்வென்ட் உண்டா? மூன்று வாரம் நான் அடித்த மணி யாருக்காக?

கைதட்டாதீர்கள். இன்னும் இருக்கிறது. "முக்கியம்" பட்டியலில் இரண்டாவது வரி ஒன்று இருந்தது. லைன்காரர் கடைசியில்தான் கவனித்தார். "அம்மா, இது உங்க கைக்கணினி போல இருக்கே."

ஆம், அவையோரே. தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கு, அவளுக்கே தெரியாமல், வாதியின் தட்டிலிருந்து ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. என் ரோஜா கண்ணாடிபோல் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அவள் சொன்னதை நான் நம்பாததற்கும் அதுவே காரணம்.

"ஏண்டா என்னை அங்கே வச்சே?" என்று கேட்டேன்.

"இல்லேன்னா நீங்க ஒரு நாளைக்கு நாலு தடவை என்னைக் கூப்பிடுவீங்களேம்மா!"

பாருங்கள்! குரல் உயர்த்துகிறவளுக்கு முக்கியம். பொறுத்துப் போகிறவளுக்கு மற்றவை. இது பாசமா? மரியாதையா? இரண்டும் இல்லை. என் வாய்க்கு வைத்த பூட்டு!

அன்றே பட்டியல் அழிந்தது. லைன்காரர் புதிய ஏற்பாடு செய்தார். இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் கேட்டால் ஆளுக்குப் பாதி. ஒன்று சும்மா இருந்தால் மற்றதற்கு முழுவதும். பெரிய படங்களை அனுப்புவது, நாங்கள் மூவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் மட்டும். மறைந்த என் கணவரும் நானும் ஒரே செய்தித்தாளை அப்படித்தான் படித்தோம். வெளித்தாள் அவருக்கு, உள்தாள் எனக்கு. ஒருவர் முடித்தால் முழுவதும் மற்றவருக்கு. இருபத்தொன்பது ஆண்டு மணியடிக்காமல் நடந்தது. அதை மறந்துவிட்டு நான் கைமணியைத் தூக்கினேனே!

வியாழன் வந்தது. பத்தரை மணி. அதே பத்தரைக்கு என் மகனுக்கும் அலுவலகக் கூட்டம். இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் கேட்டன. என் கைக்கணினியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முன்னறைக் கணினியிலிருந்து அவன் மேலதிகாரியின் குரல்.

"என்னப்பா, உன் முகமே தெளிவா தெரியலையே?"

"முகம் முக்கியமில்ல சார், குரல் கேட்டாப் போதும்" என்றான் என் மகன், கேமராவை அணைத்துவிட்டு.

ஆறாண்டில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது!

பின்னறையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஐம்பது நிமிடம். ஒருமுறை அறுந்தது. திரும்ப வந்தது. இரண்டாவது அறுபடல் வரவே இல்லை. கதவு திறந்தது. "முடிஞ்சுது அத்தை. கொடுத்துட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்து நின்றேன். கான்வென்டில் ஆசிரியை உள்ளே வந்தால் எழுந்து நிற்போமே, அதுபோல.

கடிகாரத்தைத் தட்டுகிறார் தலைவர். முடிக்கிறேன். இல்லம்தோறும் ஒரு பெட்டி மினுக்குகிறது. அதற்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. இணையப் பெட்டி என்றா நினைக்கிறீர்கள்? சமையலறையில் இல்லையா அந்தப் பட்டியல்? சாப்பாட்டு மேசையில் இல்லையா? யார் பேசும்போது எல்லாரும் வாயை மூடுகிறோம், யார் பேசும்போது டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறோம், அதில் இல்லையா? இன்று போய்த் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டில் காலிங்பெல்லுக்குக் கீழே யார் இருக்கிறார்? "எனக்கு நல்லாத்தானே வருது" என்று சொல்பவர் யார்? அவரை முதலில் பிடியுங்கள். என் வீட்டில் அது நான்தான்.

எங்கள் கடவுச்சொல் இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. எழுதியவள் என் மருமகள். படிக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம்.

பேச இடம் தந்த சங்கத்துக்கும், பொறுமை காத்த தலைவருக்கும், திட்டு வாங்கியும் எழுந்து போகாத என் மகனுக்கும் நன்றி. முக்கியமானவர்களுக்கு முதலிலேயே வணக்கம் சொல்லிவிட்டேன். இந்த மண்டபத்தில் நாற்காலி போட்டவர்களே, ஒலிபெருக்கி கட்டியவரே, வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பவர்களே, எந்த வீட்டுப் பட்டியலிலாவது "மற்றவை" என்று எழுதப்பட்டவர்களே, உங்களுக்குத் தனியாக, தலை தாழ்த்தி, என் வணக்கம்.